பத்ரியின் வெந்நீர் ஊற்றும் விடியல் வெளிச்சமும்

கே.கே. நகர், திருச்சி



பத்ரிநாத் கோயில் படிக்கட்டுக்குக் கீழே, சன்னதிக்கும் அளகநந்தா ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்குத் தப்த குண்டம் என்று பெயர். இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அந்தத் தலத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து போகிறவர்கள் பெருமாளைச் சேவிக்கும் முன் நீராடுவது அங்கேதான். சித்திரை, வைகாசி வாக்கில் திறக்கும் நடை, ஐப்பசி, கார்த்திகையில் சாத்தப்படும். படம் எடுக்க அக்டோபரே உகந்தது. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். விடியற்காலைக் குளிரும் கடுமையாக இருக்கும்.

அந்தக் குளிர்தான் படத்தைத் தருகிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாத பொருள். வெண்புகையாகத் தெரிவது, குளிர்காற்றில் பட்டு ஆவி மாறிய நுண்துளிகள். காற்று குளிரக் குளிர அது அடர்ந்து எழும். வெயில் ஏறியதும் மெலிந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து போகிறவருக்கு அந்த அடர்த்தி கிடைக்காது.

நுண்துளிகள் தம்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். ஆகவே சூரியன் ஆவிக்குப் பின்னால் இருக்க வேண்டும். கோயில் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால், கோயில் பக்கம் நின்று கிழக்கே ஆற்றை நோக்கினால் ஆவி ஒளிவிட்டு எரியும். எதிர்க்கரையிலிருந்து கோயிலை நோக்கினால் அதே ஆவி சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடக்கும். இதைப் பழக இமயமலை வரை போக வேண்டியதில்லை. காலை ஆறரை மணிக்கு கே.கே. நகர் டீக்கடை பாய்லரின் ஆவியை வெயிலுக்கு எதிரே நின்று ஒரு தடவை, வெயிலுக்கு முதுகு காட்டி ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும். பின்னணி இருட்டாக இருப்பது அவசியம்.

மலையில் விடியல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலில் வெயில் பட்ட பிறகும் சின்னக்கடைத் தெரு நிழலிலேயே இருப்பதுபோல, கோயிலுக்கு மேற்கே 6,500 மீட்டருக்கும் மேல் நிற்கும் நீலகண்ட சிகரம் முதலில் சிவந்து, பிறகு பொன்னாகி, வெளுக்கும். அதுவரை பள்ளத்தாக்கு நீல நிழலில் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கேமரா தாங்காது. முக்காலியில் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது நல்லது. நிழலின் நீலத்தைத் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் திருத்தப் பார்க்கும். திருத்தினால் குளிரே படத்தை விட்டுப் போய்விடும். பகல்வெளிச்ச அமைப்பில் வைத்து, ரா கோப்பாகச் சேமிப்பதே சரி. பனியும் ஆவியும் சட்டத்தை நிறைத்தால், மீட்டர் அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆவியின் சுருள்கள் தெரிய 1/250 நொடி. பட்டுபோல் வழிய அரை நொடி. ஆட்டோஃபோகஸ் ஆவியில் பிடி கிடைக்காமல் அலையும். பாறை விளிம்பில் கையால் குவிக்கலாம்.

குளிக்கிறவர்களைப் படம் எடுக்கக் கூடாது. நெடுந்தூரம் வந்து ஈரத்துணியோடு நிற்கும் ஒருவர் எவருடைய படத்துக்கும் பொருள் அல்லர். சன்னதிக்குள்ளும் கேமரா வேண்டாம்.

குளிரில் பேட்டரியின் சக்தி சட்டென்று இறங்கும். உபரி பேட்டரியைச் சட்டைக்கு உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் உழைக்கும். ஏசி பஸ்ஸிலிருந்து திருச்சி வெயிலில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் ஊற்றருகில் குளிர்ந்த லென்ஸுக்கும் நடக்கும். துணியால் ஒற்றலாம், வாயால் ஊதினால் இன்னும் மங்கும். ஊற்றுநீர்த் துளி காய்ந்தால் உப்புக்கறை படியும் என்பதால் லென்ஸின் மேல் ஒரு ஃபில்டர் இருக்கட்டும். விடுதிக்குத் திரும்பும்போது, வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உள்ளே கொண்டுபோக வேண்டும். ஈரம் பையின் மேலேயே படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை, சுமார் இரண்டு மணி நேரம், பையைப் பிரிக்கக் கூடாது.

அன்புடன்,
மாமா