ஒரு நாளில் எத்தனை செங்கோணம்?

அன்புள்ள தம்பிக்கு,

கடிகார முட்கள் ஒரு நாளில் எத்தனை முறை செங்கோணம் காட்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று 48 என்பார்கள். மணிக்கு இரண்டு, 24 மணிக்கு 48. ஆனால் விடை 44. மீதி நான்கு எங்கே போயிற்று என்று கேட்டு எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

குழப்பத்தின் வேர் பயிற்சித் தாள்களில் வரும் படங்களில் இருக்கிறது. கீழே 9:30 என்று போட்டிருக்கும். மேலே நிமிட முள் 6-இல் நிற்கும்; மணி முள்ளோ 9-ஐ விட்டு அசையாமல் நிற்கும். விடை, செங்கோணம்! இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது, தம்பி, தவறு. ஒழுங்காக ஓடும் எந்தக் கடிகாரமும் ஒன்பதரைக்கு அப்படி நிற்பதில்லை.

நிமிட முள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது, மணி முள் அரைப் பாகை. அரை மணி நேரத்தில் மணி முள் 15 பாகை போய்விடும். ஒன்பதரைக்கு அது 6-ஐ விட்டு விலகிப் போகிறது. 90-உடன் 15 கூடி 105 பாகை, விரிகோணம். 3:30-க்கும் இதே போன்ற படம் உண்டு; ஆனால் மூன்றரைக்கு மணி முள் 6-ஐ நோக்கி வருகிறது. 15 குறைந்து 75 பாகை, குறுங்கோணம். அந்தப் படங்கள் செங்கோணம் என்று சொல்லும் இரண்டு நேரங்களிலும் செங்கோணமே கிடையாது.

மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை ஒரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கோண வகைகளைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். 3:00-க்குச் செங்கோணம். உடனே அது சுருங்கத் தொடங்கி, 3:16 தாண்டியதும் இரண்டு முட்களும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. பிறகு நிமிட முள் முந்துகிறது; 3:32-க்கும் 3:33-க்கும் இடையே மறுபடி செங்கோணம். அங்கிருந்து விரிகோணம். 3:49 தாண்டி ஐந்து நொடியில் நேர்க்கோணம். அதன்பின் மணி முள்ளிலிருந்து நிமிட முள் போன திசையிலேயே அளந்தால் 180-ஐயும் கடந்த பின்வளை கோணம். நான்கு மணிக்கு அது 240.

யூக்ளிட் அந்த 3:49-ஐக் கோணமாகவே ஏற்றிருக்க மாட்டார். ஒரே நேர்கோட்டில் அமையாத இரண்டு கோடுகளின் சாய்வு என்பதுதான் 'எலிமெண்ட்ஸ்' முதல் புத்தகத்தில் அவர் தரும் வரையறை. 180 பாகை வரும் இடத்தில் 'இரண்டு செங்கோணங்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. கோணத்தைச் சாய்வு என்று பார்த்தால் 180 தடுமாற வைக்கும். சுழற்சி என்று பார்த்தால் 180, 270, 360 எல்லாம் இயல்பாக வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு முதலில் சுழற்சியைத்தான் காட்ட வேண்டும். முள்ளின் நீளத்துக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லை என்பதும் அப்போது தானே விளங்கும். லண்டன் பிக் பென் கோபுரத்து நிமிட முள் 4.2 மீட்டர் நீளம். மூன்று மணிக்கு அதிலும் அதே 90 தான், கைக்கடிகாரத்திலும் அதே 90 தான்.

இனி உன் நான்கு. 12 மணி நேரத்தில் நிமிட முள் 12 சுற்று, மணி முள் ஒரு சுற்று. ஆக, மணி முள்ளைவிட நிமிட முள் 11 சுற்று கூடுதலாகப் போகிறது. அப்படிக் கூடும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு செங்கோணம்: 90 பாகை முன்னே ஒன்று, 90 பாகை பின்னே ஒன்று. 12 மணி நேரத்துக்கு 22, நாளுக்கு 44. 48 என்பவர்கள் மூன்று மணிச் செங்கோணத்தை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலும் எண்ணுகிறார்கள், மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலும் எண்ணுகிறார்கள். ஒன்பது மணிக்கும் இதே கதை. பகலில் இரண்டு, இரவில் இரண்டு.

இந்த 44 முட்கள் இடைவிடாமல் நகரும் கடிகாரத்துக்குத்தான். ஹான்ஸ் ஹில்ஃபிகர் 1944-இல் வடிவமைத்த சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரத்தில் நிமிட முள் நிமிடத்துக்கு ஒரு முறை தாவும், நடுவில் அசையாது. அதில் 2:27-க்கு 88.5 பாகை, அடுத்த தாவலில் 94. 90 அகப்படவே இல்லை! அந்தக் கடிகாரத்தில் மூன்று மணிக்கும் ஒன்பது மணிக்கும் மட்டுமே சரியான செங்கோணம் கிடைக்கும். ஏன் என்பதை, முட்களுக்கு இடையிலான கோணம் நிமிடத்துக்கு 5.5 பாகை மாறுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்