ஆற்றைக் காக்கும் செலவு

குழாயில் வரும் நீருக்கு நாம் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம். அந்நீரைத் தரும் ஆற்றைக் காவல் காப்பவர் யார்? அக்காவலுக்கு ஆகும் செலவை ஏற்பவர் யார்? மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய இவ்வினாக்களுக்கு இக்கட்டுரையில் விடை காண்போம்.

சட்டமும் இலாகாவும்

மலேசிய நாடாளுமன்றம் 1974ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. அதனைச் செயற்படுத்த 1975இல் ஒரு பிரிவு தோற்றுவிக்கப்பட்டது. 1983இல் அப்பிரிவு சுற்றுச்சூழல் இலாகாவாக உயர்ந்தது. காற்றும் நீரும் மாசுபடாமல் கண்காணிப்பதும், சட்டத்தை மீறுவோர்மீது வழக்குத் தொடுப்பதும் அதன் கடமைகளாகும்.

செம்பனை ஆலை தரும் பாடம்

செம்பனைக் குலைகளை அவித்துப் பிழிந்து எண்ணெய் எடுக்கும்போது கழிவுநீரும் பெருமளவில் வெளியாகிறது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் உண்டாகும். அதில் நஞ்சு கலக்கப்படுவதில்லை. ஆயினும் அதிலுள்ள எண்ணெய்ப் பசையையும் சக்கையையும் தின்னும் நுண்ணுயிர்கள், ஆற்று நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. ஒரு லிட்டர் கழிவுநீரில் இவ்வாறு எத்தனை மில்லிகிராம் பிராணவாயு செலவாகும் என்பதைக் கொண்டே அதன் மாசு அளவிடப்படுகிறது. சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவுநீரில் இவ்வளவு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம்.

1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 1978 ஜூலையில் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, 1979இல் 2,000, 1980இல் 1,000, 1981இல் 500, 1982இல் 250 எனப் படிப்படியாகக் குறைந்து, 1984இல் 100 ஆயிற்று. ஆலைகள் குளங்களை வெட்டின. கழிவுநீரைப் பல நாள் தேக்கி, நுண்ணுயிர்களைக் கொண்டே அதனைச் சுத்திகரித்தன.

இவ்விதிகளில் கட்டணமும் இருந்தது. ஆற்றில் சேரும் மாசின் சுமைக்கு டன்னுக்கு 10 வெள்ளி. முதலாண்டில் வரம்பை மிஞ்சிய பங்குக்கு டன்னுக்கு 100 வெள்ளி. பிற கட்டணங்களை விடுத்து ஒரு கணக்குச் செய்து பார்ப்போம்.

ஓர் ஆலை 1,000 கன மீட்டர் கழிவுநீரை 5,000 மில்லிகிராம் அளவில் வெளியேற்றினால், மாசின் சுமை 5 டன். கட்டணம் 50 வெள்ளி. அதே நீரைச் சுத்திகரிக்காமல் 25,000 மில்லிகிராம் அளவில் விட்டால், சுமை 25 டன். முதல் 5 டன்னுக்கு 50 வெள்ளி. மிஞ்சிய 20 டன்னுக்கு 2,000 வெள்ளி. ஆக 2,050 வெள்ளி. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நீதி இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

அளப்பவர் யார்?

ஆலைகள் தம் கழிவுநீரின் அளவைத் தாமே அறிக்கையாக அனுப்புகின்றன. 25,000 என்பதை 5,000 என்று ஒருவர் தாளில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? 2,000 வெள்ளி மிச்சமாகும், ஆறு மாண்டுபோகும். ஆகவே அறிக்கையைச் சரிபார்க்க ஓர் அதிகாரி நேரில் சென்று கழிவுநீர் மாதிரியை எடுத்தாக வேண்டும். அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கு 30 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பிராணவாயுவின் குறைவை அளக்க வேண்டும். அதிகாரிக்குச் சம்பளம், வண்டிக்கு எண்ணெய், கருவிகளுக்கு விலை: யாவும் செலவே.

கூட்டரசாங்கம் வசூலிக்கும் வரிகளும் கட்டணங்களும் பொதுவாக ஒருங்கிணைந்த நிதியைச் சேர்கின்றன. அதிலிருந்து ஒவ்வோர் இலாகாவுக்கும் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் வழி நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. வருமான வரி செலுத்தாத தொழிலாளரும், கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் விற்பனை வரியைச் செலுத்துகிறார். எனவே ஆற்றின் காவலருக்கு நாமும் சம்பளம் கொடுக்கிறோம்.

காவாமையின் விலை

2019 மார்ச்சில் ஜொகூர் மாநிலம் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அதிலிருந்து எழுந்த நச்சு ஆவியால் மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற நேர்ந்தது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றைத் துப்புரவு செய்வதற்கு மட்டும் 64 இலட்சம் வெள்ளி தேவைப்பட்டது. குற்றம் கொட்டியவருடையது, அதில் ஐயமில்லை. ஆனால் கொட்டிய பின் துடைப்பதற்கு ஆகும் செலவு எத்தகையது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்தியது.

2024ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் ஒரு கோடி வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. எனினும், சான்றின்றி நீதிமன்றம் எவரையும் தண்டிக்காது. சான்றைத் திரட்ட ஆளும் கருவியும் வேண்டும். யானையை வாங்கியவர் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?

நம் கடமை

பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் பணம் தேவைப்படும்போது ஆற்றுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஆறு கெட்டால் பள்ளி மூடப்படுகிறது, மருத்துவமனை நிரம்புகிறது. ஆகவே அதனைக் காக்கும் செலவு வீண் செலவாகாது. நம் தொகுதிப் பிரதிநிதியைக் காணும்போது, பாலமும் சாலையும் கேட்பதோடு, ஆற்றைக் கண்காணிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும் பெற்றோர் கேட்பார்களாக. ஆற்று நீரின் நிறமோ மணமோ மாறினால், மாணவர்கள் அருகில் செல்லாது உடனே பெரியவர்களிடம் கூற வேண்டும். பெரியவர்கள் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி: ஓர் ஆலை 2,000 கன மீட்டர் கழிவுநீரை 8,000 மில்லிகிராம் அளவில் வெளியேற்றியது. 1978ஆம் ஆண்டு ஜூலை மாத வரம்பின்படி மேற்கூறிய கட்டணம் எவ்வளவு? விடையைக் கண்டபின், அளக்க எவரும் செல்லாதிருந்தால் நாட்டுக்கு நேரும் இழப்பு யாது என்பதைப் பெற்றோரோடு கலந்து பேசி ஐந்து வரிகளில் எழுதுக.