கொப்புள நோயை ஆராயப்போகும் தங்கைக்கு



பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் கொப்புள நோய் பிடித்த தேயிலையின் பரம்பரையலகுகள் எவ்விதம் தொழிற்படுகின்றன என்று ஆராயப்போவதாக நீ எழுதியிருந்தாய். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு இலங்கைத் தீவின் கோப்பிப் பயிரையே நாசமாக்கிய சரித்திரத்துக்குப் பின்னர், 1946-இல் கொப்புள நோயை உண்டாக்கும் பங்கசு தேயிலைக்கும் வந்து சேர்ந்தது. செப்பு மருந்து அன்று பயிரைக் காத்தது.

பங்கசின் வித்தியானது ஈரங்காயாத இளங்கொழுந்தில் முளைத்து உட்புகுந்து, முதலில் எண்ணெய் பட்டாற்போன்ற சிறு பொட்டாகவும், பின்னர் மேற்புறம் குழிந்து அடிப்புறம் வெண்மை பூத்த கொப்புளமாகவும் வெளிப்படுகிறது. கொப்புளத்தைக் கண்ட பிறகே இலையைக் கிள்ளி, பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டைக் காட்டும் ஆர்.என்.ஏ.யை எடுப்பவர்கள், முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மட்டும் வருகிறவர்கள். ஏனெனில் பங்கசின் சுவரிலுள்ள கைற்றின் துணுக்குகளைக் கலமென்சவ்வின் ஏற்பிகள் உணர்ந்த சில மணி நேரத்துக்குள்ளேயே கருவில் கட்டளைகள் மாறத் தொடங்குகின்றன. கைற்றினைச் சிதைக்கும் நொதியங்களுக்கும் பீனோல்களுக்கும் உரிய பரம்பரையலகுகள் விழித்தெழ, ஒளித்தொகுப்புக்கு உரியவை பெரும்பாலும் அடங்குகின்றன.

பசறை இருக்கும் ஊவாவில் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கச்சான் காற்று வறண்டு வீசும் ஆடி ஆவணியில் நம் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் வாசனையில் மெதைல் சலிசிலேற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதுவோ, தாவரங்கள் நோயை எதிர்க்கப் பயன்படுத்தும் சலிசிலிக் அமிலத்தின் வழித்தோன்றல். புகையிலையில் தாக்குண்ட இலையிலிருந்து ஏனைய இலைகளுக்கு எச்சரிக்கை கொண்டுசெல்லும் தூதும் அதுவே என்று 2007-இல் காட்டினார்கள். ஆகவே ஆவணியில் பறித்த நல்ல கொழுந்தையும் மார்கழி மழையில் பறித்த நோய்க்கொழுந்தையும் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டால், அது பங்கசின் விளைவா பருவத்தின் விளைவா என்று பிரித்தறிய இயலாது. ஒரே மலையில், ஒரே இனச் செடிகளில், ஒரே வயதுக் கொழுந்துகளில், பாதிக்கு வித்தி கலந்த நீரையும் பாதிக்கு வெறும் நீரையும் தெளித்து, ஒரே வேளையில் மாதிரி எடு. இந்த வெறும் நீர் இல்லாத ஆராய்ச்சியை நான் நம்புவதில்லை.

பறித்த கொழுந்தை ஆய்வுகூடம் வரை அப்படியே கொண்டுவராதே. அரைக்கும்போது அதன் பீனோல்கள் பழுப்பேறி ஆர்.என்.ஏ.யைக் கெடுக்கும். திரவ நைதரசனை மலைக்கே எடுத்துச் செல். அதை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், வாகனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவை. அந்த எண்ணெய்ப் பொட்டை முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் கொழுந்தெடுக்கும் அக்காமாரே. அவர்களைக் கேட்டு மாதிரி எடு. அவர்கள் சம்மதித்தால் நன்றியுரையில் அவர்களுடைய பெயர்களையும் எழுது.