ஓடினால்தான் பணம்

கேள்வி: மின்சாரப் பேருந்து பழுதானால் உதிரிபாகம் வாங்குவது மாநகரப் போக்குவரத்துக் கழகம்தானே?
– வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: இல்லை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையில் தொடங்கிய 120 பேருந்துகளுக்கும் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. கழகம் தருவது கிலோமீட்டர் கணக்கில் பணம். கதவு சென்சார் ஒன்று கிடைக்காமல் வண்டி நின்றாலும் அன்றைய வருமானம் போயிற்று. அதனால் பிரேக் பேட், ஃபில்டர், வைப்பர் எல்லாம் பணிமனை அலமாரியிலேயே இருக்க வேண்டும். விலை கூடிய மோட்டார், இன்வெர்ட்டரைப் பல பணிமனைகளுக்கும் பொதுவாக வைக்கலாம். வண்டியைத் தயாராக வைப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்பது புதிதல்ல; 2016 ரஃபேல் போர் விமான ஒப்பந்தத்திலும் இதே ஏற்பாடுதான்: குறைந்தது 75 சதவீத விமானங்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

என் கவலை கடைசி வருடங்களைப் பற்றியது. ஒப்பந்தம் முடியப்போகிறது என்றால் பாகம் வாங்கக் கை வராது. மிச்ச இருப்பு யாருக்கு, என்ன விலைக்கு என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிட வேண்டும்.