பார்வையற்றோரும் இணையவழி வங்கியும்

கேள்வி: பார்வையற்றவர்கள் இணையவழி வங்கிச் சேவையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பதில்: திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடுதான். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. பட்டனோடு அதன் பெயரும் எழுத்தாகப் பதியப்பட்டிருந்தால் ‘பணம் அனுப்பு’ என்று காதில் விழும்; வெறும் படமாக இருந்தால் ‘பட்டன்’ என்று மட்டுமே கேட்கும். எதை அழுத்துவது? கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டும் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லாவிட்டால், சொந்தக் கணக்கின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அப்போது உதவி கேட்டுக் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் சொல்ல நேர்வது பெரிய அநியாயம். இணையவழி வங்கி உட்பட எந்தச் சேவையையும் பார்வையற்றோருக்கு மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே அறிவுறுத்தியது. கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு தொடர்பான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் தரவும் உத்தரவிட்டது.