மணலைக் கழுவிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நிலவியல் மேற்படிப்புக்கு ஒக்லஹோமா போயிருக்கிறாய். அங்குள்ள கிரேட் சால்ட் பிளெயின்ஸ் உப்புவெளிக்கு எப்படியும் போவாய். போகிற எல்லோரும் பளிங்காகத் தெளிந்த ஜிப்சம் படிகத்தைத்தான் தேடுகிறார்கள். நீ மணல் புகுந்ததைத் தேடு.

மேலே வெள்ளை உப்புப் பொருக்கு, அடியில் ஈர மணலும் களிமண்ணும். ஆழத்திலுள்ள பெர்மியன் காலத்துப் படிவுகளைக் கரைத்துக்கொண்டு உவர்நீர் மேலேறி வருகிறது. வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச, மிஞ்சிய கரைசல் செறிகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல், கால்சியமும் சல்ஃபேட்டும் கொஞ்சம் நீரையும் சேர்த்துக்கொண்டு மணலுக்குள்ளேயே படிகமாகின்றன. பெரும்பாலும் இரண்டடி ஆழத்துக்குள்தான். நல்ல மழை பெய்து கரைசல் நீர்த்தால், வளர்ந்ததே திரும்பக் கரையவும் செய்யும்.

வளரும் படிகத்தின் எதிரே மணல் துகள் நின்றால், ஒன்று தள்ளிவிடும், இல்லையேல் விழுங்கிவிடும். ஒரே படிகத்தில்கூட எல்லா முகங்களும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. சில முகங்கள் மண்ணை உள்ளே விடும். பக்கத்து முகங்கள் தெளிவாகவே வளரும். மண்ணை ஏற்ற முகங்களின் தடம், படிகம் நீள நீள நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி விரிகிறது. அந்த ஊர்ப் படிகங்களுக்குப் பேர் வாங்கித் தந்த பழுப்பு மணற்கடிகார உருவம் அப்படி வந்ததுதான். அதை அழுக்கு என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். எந்த முகம் எப்படி வளர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

பாரிஸுக்குத் தெற்கே ஃபோன்தேன்புளோ மணலில் கதை இன்னும் விசித்திரம். அங்கே மணலுக்குள் வளர்ந்தது கால்சைட். துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கால்சைட் இடைவெளிகளை மட்டும் நிரப்பியது. கையில் எடுக்கும் கல்லில் பாதிக்கு மேல் வெறும் மணல்தான்; ஆனால் உருவமோ கச்சிதமான கால்சைட் சாய்சதுரத் திண்மம்! பொரி உருண்டைக்கு உருவம் தருவது கை. இங்கே பாகே உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது. உடைந்த துண்டு கிடைத்தால் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார். ஒரு கோணத்தில், மணல்துகள்கள் மங்கலான புள்ளிகளாக நிற்க, இடையிலுள்ள கால்சைட் முழுவதும் ஒரே சமயத்தில் பளிச்சிடும். அத்தனை இடுக்குகளிலும் இருப்பது ஒரே படிகம் என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்து, அந்த இடத்தில் மணல் உதிரும். நல்ல மாதிரியில் இதைச் செய்யாதே.

உன் பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலத்தின் அடையாளமான இன்னொன்று, செந்நிற மணற்கல்லில் விளைந்த பாரைட் ரோஜா. 1968 முதல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கல். சஹாராவின் ஜிப்சம் ரோஜாவையும் இதையும் படத்தில் பார்த்தால் குழம்புவாய். கையில் வாங்கினால் கனமே சொல்லிவிடும். நகத்தால் கீறியும் பார்க்கலாம்: ஜிப்சத்தில் கீறல் விழும், பாரைட்டில் விழாது.

உப்புவெளியில் தோண்டும்போது மண்வெட்டியைக் குழி வெட்டுவதோடு நிறுத்திக்கொள். ஊறும் நீரையே குழியின் சுவரில் மெதுவாக வாரி அடி. மண் கரைந்து படிகத்தின் முனை வெளியே தெரியும். அவசரப்பட்டு இழுக்காதே. ஈரத்தில் அது வெகு எளிதாக உடையும். மண்ணோடு எடுத்து, முட்டை அட்டையில் வைத்துக் காயவிடு. ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரைதான் தோண்ட அனுமதி. அருகிவரும் வூப்பிங் கொக்குகளுக்காக மற்ற மாதங்களில் அடைத்துவிடுவார்கள், அதற்கு முணுமுணுக்காதே.

ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு கைப்பிடி மணலையும் கவரில் போட்டு, ஆழம், நீர்மட்டம், தேதி மூன்றையும் மேலே எழுதிவை. படிகத்தின் படத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பு. எனக்கு அந்தக் கவர்களில் எழுதியதை அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்