கேப்டன் டைகரை வரைந்தவரிடம் என்ன கற்கலாம்?

இல்லஸ்ட்ரேஷன் படிக்கும் மாணவர்கள் பலருக்கு மோபியஸ் என்றால் உயிர். பாலைவனத்துக்கு மேலே வினோதப் பறவையில் பறக்கும் மனிதன், முடிமெல்லிய கோடுகள், கனவில் வரும் நகரங்கள் என்று அவர் படங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள், பார்த்துப் பார்த்து வரைவார்கள். சிவகாசியிலிருந்து வரும் லயன் - முத்து காமிக்ஸில் நாம் படித்த கேப்டன் டைகரை வரைந்ததும் அதே கைதான். பிரெஞ்சில் டைகரின் பெயர் புளூபெர்ரி. ஓவியரின் இயற்பெயர் ழான் ஜிரோ. ஓவியத்தைப் பிழைப்பாக எடுத்துக்கொள்ள நினைப்பவர் மோபியஸைத் தொடுவதற்கு முன் டைகரைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜிரோ 1938இல் பாரீஸை ஒட்டிய நோஜான் சூர் மார்ன் என்ற ஊரில் பிறந்தார். 16 வயதில் பாரீஸில் பயன்பாட்டுக் கலை படிக்கச் சேர்ந்தார். பின்னாளில் ‘வலேரியன்’ தொடரை வரைந்த மெஸியேர் அங்கே அவருக்கு நண்பரானார். இருவர் தொடர்களும் பிற்பாடு ‘பிலோட்’ என்ற ஒரே வார இதழில் வந்தன. உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் நாளை உங்களுக்கு வேலை சொல்லி அனுப்பக்கூடியவர் என்பதை மறக்காதீர்கள். 18 வயதிலேயே ஜிரோவின் கௌபாய் கதை ஒன்று அச்சேறிவிட்டது. அதே 1956இல் தாயைப் பார்க்க மெக்சிகோ போய்ப் பல மாதம் தங்கினார். அங்கே கண்ட பாலைவனம் டைகர் கதைகளிலும் வருகிறது, மோபியஸ் படங்களிலும் வருகிறது.

அவர் தொழிலைக் கற்றது 1961இல், ழிஜே என்ற மூத்த ஓவியரிடம். ழிஜே பென்சிலில் வரைந்த ‘ஜெர்ரி ஸ்பிரிங்’ கதை ஒன்றுக்கு ஜிரோ மை தீட்டினார். கேட்க எடுபிடி வேலைபோலத் தெரியும். ஆனால் எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும், நிழல் எங்கே முடிய வேண்டும் என்று கட்டத்துக்குக் கட்டம் முடிவெடுக்கும்போது, அந்த மூத்தவரின் யோசனை உங்கள் விரலுக்குள் இறங்குகிறது. எந்த வகுப்பறையும் இதைத் தராது. இன்று இதற்கு ஈடான வேலைகள் பிளாட் கலரிங், பின்னணி வரைவது, லெட்டரிங். சம்பளம் குறைவு என்று தட்டிக் கழிக்காமல் ஓராண்டாவது செய்யுங்கள். இலவசமாக மட்டும் செய்யாதீர்கள்.

அந்த உழைப்புக்குப் பலன் சீக்கிரமே வந்தது. கதாசிரியர் ஷார்லியே ஒரு வெஸ்டர்ன் தொடருக்காக முதலில் அணுகியது ழிஜேவைத்தான். கை நிறைய வேலை வைத்திருந்த அவர், தன் சீடரைக் கைகாட்டினார். 1963 அக்டோபரில் ‘பிலோட்’ இதழில் டைகர் பிறந்தான். முகம் நடிகர் பெல்மொண்டோவைப் பார்த்து வரைந்தது. ஆரம்பப் பக்கங்களில் ழிஜேயின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஜிரோ ஊரில் இல்லாத சமயத்தில் ழிஜேயே சில பக்கங்களை வரைந்து கொடுத்தார். சொந்த பாணி இன்னும் வரவில்லையே என்று இரண்டாம் ஆண்டிலேயே கவலைப்படும் மாணவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். ஜிரோவின் பாணி வேலைக்கு நடுவே, ஆல்பம் ஆல்பமாக வந்தது.

டைகரின் ‘தங்கக் கல்லறை’ ஆல்பத்தைக் கையில் எடுங்கள். வசன பலூன்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், யார் யாரைக் குறிவைக்கிறார், ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படத்தை வைத்தே சொல்ல முடிகிறதா? பாறையின் வெடிப்பு, குதிரையின் முழங்கால், சேணத்தின் வார், தொப்பி விளிம்பில் படிந்த புழுதி என்று எதையும் அவர் குத்துமதிப்பாக விடுவதில்லை. இத்தனை விவரம் இருந்தும் கண் வழி தவறுவதில்லை. அந்தப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக, வெறும் கருப்பு வெள்ளைத் திட்டுகளில் திரும்ப வரைந்து பாருங்கள். ஏன் வழி தவறவில்லை என்பது புரியும்.

உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கும் இதுதான் அளவுகோல். பறக்கும் வீரன், பளபளக்கும் வாள் என்று ஒற்றைப் படங்களாக அடுக்கினால், உங்களால் கதை சொல்ல முடியுமா என்று எடிட்டருக்குத் தெரியாது. தொடர்ச்சியான மூன்று, நான்கு பக்கங்கள் வையுங்கள். ஒரே முகம் பல கோணங்களிலும் அதே முகமாகத் தெரிய வேண்டும். இரண்டு பேர் அறையில் உட்கார்ந்து வெறுமனே பேசும் பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். சண்டையை வரைய எல்லாரும் ஆசைப்படுவார்கள். பேச்சை அலுக்காமல் வரைகிறவர் குறைவு.

மோபியஸ் என்ற கையெழுத்தும் 1963இலேயே ‘ஹராகிரி’ இதழில் தலைகாட்டியது. டைகருக்கு ‘ஜிர்’ என்று கையெழுத்திட்டுத் தூரிகையில் வரைந்தவர், மோபியஸாகும்போது பேனாவை எடுத்தார். ஆனால் அந்தப் பெயர் பெரிதாக எழுந்தது 1975இல். நண்பர்களோடு தொடங்கிய ‘மெத்தால் உர்லான்’ பத்திரிகையில் வசனமே இல்லாத ‘அர்ஸாக்’ வந்தபோதுதான். அதற்குள் ஷார்லியேயின் ஸ்கிரிப்டுக்குக் கட்டுப்பட்டுப் பல ஆண்டுகள் டைகரை வரைந்திருந்தார். வார்த்தையில்லாமல் கதை சொல்லும் துணிச்சலை அந்த ஆண்டுகளே தந்தன என்று நான் நம்புகிறேன். வயிற்றுக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு வேலை என இரண்டையும் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் பற்றியும் பேச வேண்டும். ராயல்டி தகராறில் டைகர் 1970களின் நடுவே சில ஆண்டுகள் நின்றே போனான். அவ்வளவு புகழ்பெற்ற தொடருக்கே அந்த நிலை. முதல் பக்கத்தை வரைவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: பாத்திரம் யாருக்குச் சொந்தம், அசல் பக்கங்கள் யாரிடம் இருக்கும், மொழிபெயர்ப்புக்கும் டிஜிட்டலுக்கும் எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை.

பாதியில் நின்றுபோகும் வேலையும் வரும். 1970களில் இயக்குநர் ஜொடோரோவ்ஸ்கி எடுக்க நினைத்த ‘டியூன்’ படத்துக்காக ஜிரோ ஆயிரக்கணக்கில் ஸ்டோரிபோர்டு படங்களை வரைந்தார். படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் அந்த வேலையில் பழகிய டான் ஓபேனன் எழுதிக் கொடுத்து, ஜிரோ வரைந்த ‘தி லாங் டுமாரோ’ என்ற சிறுகதை, ‘பிளேட் ரன்னர்’ படத்தில் வரும் நகரத்தின் தோற்றத்துக்கே வழிகாட்டியது. ஓபேனன் எழுதிய ‘ஏலியன்’ படத்தின் விண்வெளி உடைகளை ஜிரோ வடிவமைத்தார். ஜொடோரோவ்ஸ்கியோடு சேர்ந்து ‘இன்கல்’ தொடரை உருவாக்கினார். நின்றுபோன வேலையின் படங்களைக் காட்ட அனுமதி வாங்கி வையுங்கள். கூட வேலை செய்தவர்களோடு தொடர்பை விடாதீர்கள்.

1989இல் ஷார்லியே இறந்த பிறகு டைகருக்குக் கதையையும் ஜிரோவே எழுதினார். 2012இல் காலமானார். அவரிடம் இனி நேரில் கற்க முடியாது. ஆனால் தொழிலில் இருக்கும் மூத்த ஓவியர் ஒருவராவது உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பார். முடித்த நான்கு பக்கங்களை எடுத்துக்கொண்டு இந்த செமஸ்டர் முடிவதற்குள் அவரைப் போய்ப் பாருங்கள்.